பாஸ்கா திரி வாங்கும் பங்குகளுக்கு: ஒரு இரவுக்கா, ஓராண்டுக்கா?

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய பெரிய சனி இரவில் கத்தோலிக்கப் பங்குகளின் ஆலயங்களில் ஏற்றும் பெரிய மெழுகுதிரிதான் பாஸ்கா திரி. அந்த இரவோடு அதன் வேலை முடிந்துவிடும் என்ற நினைப்பில் வாங்குகிறவர்களே அதிகம். கடையில் விழும் கேள்விகளும் அதற்கேற்பத்தான் இருக்கும்: உயரம் எவ்வளவு, படம் நல்லா இருக்கா, இந்த வருசம் போட்டிருக்கா. ஆனால் வழிபாட்டு நூல்கள் அந்தத் திரிக்குக் கொடுத்திருப்பது ஓராண்டு வேலை. உயிர்ப்புப் பெருவிழாவிலிருந்து பெந்தகோஸ்தே (தூய ஆவியார் பெருவிழா) வரை 50 நாள் பீடத்தருகே நிற்க வேண்டும். பிறகு திருமுழுக்குத் தொட்டியருகே போய், ஒவ்வொரு திருமுழுக்குக்கும் எரிய வேண்டும். அடக்கப் பூசை ஒவ்வொன்றிலும் சவப்பெட்டியருகே வந்து நிற்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் வகைகளை இங்கே இந்த மூன்று வேலைகளையும் வைத்தே எடைபோட்டிருக்கிறோம். பெரிய சனி இரவு மட்டும் அழகாக எரிந்துவிட்டு, ஆடி மாத அடக்கத்துக்கு அடிக்கட்டையாகிப் போகிற திரிக்கு எங்களிடம் மதிப்பெண் கிடையாது.

ஏன் இந்த மூன்று? கி.பி. 55ஐ ஒட்டி எபேசிலிருந்து பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு திரியைப் பார்த்தால் விடை கிடைக்கும். இறந்தோர் உயிர்த்தெழுவது என்று ஒன்று கிடையாது என அந்தச் சபையிலேயே சிலர் பேசத் தொடங்கியிருந்தார்கள். பவுல் ஆறுதல் சொல்லிச் சமாளிக்கவில்லை. அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு, அது உண்மையானால் என்னென்ன இடிந்து விழும் என்று வரிசையாகக் காட்டுகிறார். கிறிஸ்து எழுப்பப்படவில்லை என்றால் நற்செய்தி அறிவிப்பு வெறும் பேச்சு, அதை நம்பியதும் வீண் (14ஆம் வசனம்). பாவங்கள் அப்படியே தலைமேல் இருக்கின்றன (17). கிறிஸ்துவுக்குள் கண்மூடியவர்கள் அழிந்தே போனார்கள் (18). இப்போது திரி எங்கெங்கே எரிகிறது என்று பாருங்கள். திருவிழிப்பில் (பெரிய சனி இரவு வழிபாட்டில்) அறிவிப்பு, தொட்டியருகே பாவமன்னிப்பு, பெட்டியருகே இறந்தவர். உயிர்ப்பு இல்லையென்றால் எந்த மூன்றும் விழும் என்று பவுல் சொன்னாரோ, திருச்சபை அந்த மூன்று இடத்திலும் இந்த ஒரே திரியைத்தான் ஏற்றுகிறது. உயிர்ப்பு நம்பிக்கை விசுவாச அறிக்கையின் பல வரிகளில் ஒரு வரி என்று நினைக்கிற பங்கில் திரியும் ஒரு நாள் அலங்காரமாகத்தான் இருக்கும். இது எங்கள் கருத்து.

அதே அதிகாரத்தில் பவுல் சாட்சிப் பட்டியலும் தருகிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஒரே நேரத்தில் 500க்கும் மேற்பட்டோர், யாக்கோபு, கடைசியில் தான். அந்த 500 பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். போய் விசாரித்துக்கொள்ளலாம் என்ற தொனி. உண்மையில் நடந்தது என்று சொல்லும் ஒரு நம்பிக்கைக்கு நிற்கும் அடையாளம் போலியாக இருக்கக் கூடாது. உரோமையின் வழிபாட்டுப் பேராயம் 1988இல் பாஸ்கா விழா பற்றி அனுப்பிய சுற்றுமடல் சொல்வதும் இதையே: திரி மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும், செயற்கையாக இருக்கவே கூடாது, ஆண்டுதோறும் புதியதாக இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், கிறிஸ்து உலகின் ஒளி என்பதை நினைவூட்டும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஐந்து நிபந்தனைகள். கடைகளில் விற்பவற்றில் பல முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடுகின்றன.

குழாய்த் திரி

வெளியே வெள்ளை பிளாஸ்டிக் குழாய், உள்ளே திரவ பாரஃபின் புட்டி, அல்லது சுருள்வில் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒல்லி மெழுகுதிரி. உயரம் குறையாது, சொட்டாது, விசிறிக் காற்றுக்கும் ஓரளவு தாங்கும். கோயில்பிள்ளைகளுக்குப் பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. ஆண்டு எண்ணை மட்டும் உரித்துவிட்டு அடுத்த வருச எண்ணை ஒட்டினால் பத்து வருசம் ஓட்டலாம் என்பதுதான் விற்பவர் சொல்லும் பெரிய சிறப்பு. அதுவேதான் இதன் பெரிய குறையும். புதுப்பிக்க வேண்டியதைப் புதுப்பிக்காமல் இருக்கவே இது செய்யப்படுகிறது. எரிந்து எரிந்து குறைவது திரியின் பேச்சு. குறையாத குழாய் எதையும் பேசுவதில்லை. மின்கலத்தில் மினுக்கும் எல்.இ.டி. வகையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாங்க வேண்டாம்.

பாரஃபின் திரி

தமிழ்நாட்டில் பெரும்பாலான பங்குகள் வாங்குவது இதைத்தான். தவறில்லை. இன்றைய விதி மெழுகு என்றுதான் சொல்கிறது. பெரும்பகுதி தேன்மெழுகாக இருக்க வேண்டும் என்பது 1904இன் பழைய ஆணை. பாரஃபினில் பார்க்க வேண்டியது உருகுநிலை. சாதாரண வீட்டு மெழுகுதிரிக்கு ஊற்றும் மலிவு மெழுகு 50 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டியதுமே உருகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரைக்கு அடியிலோ வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளோ அது உருகாது, ஆனால் வளையும். மூன்றடித் திரி சுவரில் சாய்ந்தபடி இரண்டு நாள் நின்றால் வில்லாகிவிடும். உருகுநிலை 58 முதல் 60 டிகிரி உள்ள கெட்டி மெழுகில், ஸ்டியரிக் அமிலம் கலந்து ஊற்றியதா என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் பெரிய திரி வாங்க வேண்டாம். எந்த வகையானாலும் கொண்டுவரும்போது பலகைமேல் படுக்கவைத்துத் துணி சுற்றிக் கொண்டுவாருங்கள். சக்ரீஸ்து அறையிலும் (பூசைப் பொருள்கள் வைக்கும் அறை) படுக்கையாகவே, மூடிய பெட்டிக்குள் வையுங்கள். எலிக்கு மெழுகு பிடிக்கும்.

வளைந்த திரியை நிமிர்த்தலாம். 45 டிகிரி அளவு வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் முழுதாக அமிழ்த்தி, சமதளப் பலகையில் மெதுவாக உருட்டி, பிறகு குளிர்ந்த நீரில் போட வேண்டும். அவசரப்பட்டுக் கையால் வளைத்தால் உள்ளே விரிசல் விழும். அது எரியும்போதுதான் தெரியும்: பக்கவாட்டில் திடீரென்று மெழுகு ஒழுகும்.

தேன்மெழுகுத் திரி

எங்கள் முதல் தேர்வு இதுதான், விலை பாரஃபினைப் போலப் பல மடங்கு என்றாலும். உருகுநிலை 62 முதல் 64 டிகிரி. மெதுவாக எரியும், மணம் தலைவலி தராது, சூடான விளிம்பு விரலுக்கு இணங்கி வளைவதால் சீர்செய்வதும் சுலபம். பாஸ்கா புகழுரையின் இலத்தீன் மூலம் தேனீக்களின் உழைப்பைப் புகழ்கிறது. அதைப் பாடும் இரவில் பெட்ரோலிய மெழுகு எரிவது கொஞ்சம் நெருடலாகத்தான் இருக்கும்.

கலப்படம் நிறைய. முழுத் தேன்மெழுகு என்று சொல்லி மஞ்சள் சாயமிட்ட பாரஃபினைத் தருவது பழைய வித்தை. அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தேன்மெழுகு லேசாக ஒட்டியபடி சுருளாக வரும், பாரஃபின் செதிலாக உதிரும். சில வாரம் வைத்திருந்த தேன்மெழுகின் மேல் வெண்மையாகப் பூத்ததுபோல் மெல்லிய படலம் படரும். அது பூஞ்சை இல்லை, மென்துணியால் துடைத்தால் போய்விடும். அதைக் கண்டு திரியைத் திருப்பிக் கொடுத்த பங்குகளும் உண்டு. பாதிக்குமேல் தேன்மெழுகு, மீதி கெட்டிப் பாரஃபின் என்ற கலவையை விற்பவர் வெளிப்படையாகச் சொல்லி விற்றால், நடுத்தரப் பங்குக்கு அதுவே போதும்.

அளவுக் கணக்கு

கடைக்காரர் சொல்லாத விஷயம் இது. ஒரு நடுத்தரப் பங்கை எடுத்துக்கொள்வோம். திருவிழிப்பு 3 மணி நேரம். 50 நாளும் தினப் பூசைக்கு 40 நிமிடம் வைத்தால் 33 மணி. எட்டு ஞாயிறுகளில் கூடுதலாக ஒரு மணி நேரப் பூசை இரண்டு என்றால் 16. ஆக பெந்தகோஸ்தே முடிய 52 மணி நேரம். அதன்பின் 20 திருமுழுக்கும் 25 அடக்கமும் வந்தால் இன்னும் சுமார் 46. மொத்தம் ஏறக்குறைய 100 மணி. பாஸ்கா திரியின் பருமனுக்கு மணிக்குத் தோராயமாக 8 கிராம் எரியும். ஆண்டுக்கு 800 கிராம்.

5 செ.மீ. விட்டமும் 60 செ.மீ. உயரமும் கொண்ட திரி, கடையில் ‘ரெண்டு இஞ்ச், ரெண்டு அடி’ என்று விற்பது, மொத்தமே 1.1 கிலோதான். ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் 19 கிராம். 800 கிராம் என்றால் 42 செ.மீ. போய்விடும். மிச்சம் 18, அதில் 5 திரியை நிறுத்தும் தண்டின் குழிக்குள். பெந்தகோஸ்தேக்குள்ளேயே 22 செ.மீ. கரைந்திருக்கும். சிலுவையும், முதலும் முடிவும் கிறிஸ்துவே என்று காட்டும் அகர னகர எழுத்துகளும் பொதுவாகத் திரியின் நடுப்பகுதியில் இருப்பதால், சுடர் அவற்றைத் தொட ஆரம்பித்திருக்கும். டிசம்பரில் ஒரு அடக்கத்துக்கு அந்தத் திரியை வைத்தால், சிலுவையும் இல்லை, ஆண்டும் இல்லை, ஏதோ ஒரு மெழுகுத் துண்டு.

7.5 செ.மீ. விட்டம், 90 செ.மீ. உயரம் எடுத்தால் எடை 3.8 கிலோ (தேன்மெழுகில்). ஒரு செ.மீ.க்கு 42 கிராம். ஆண்டு முழுதும் எரிந்தாலும் 19 செ.மீ.தான் குறையும். சிலுவை முழுதாக நிற்கும். எங்கள் பரிந்துரை இந்த அளவு. எடை போட்டு வாங்குங்கள். இந்த அளவில் 3.4 கிலோவுக்குக் கீழே வந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். 10 செ.மீ. விட்டம், நாலடி என்று போனால் எடை 9 கிலோவைத் தாண்டும். திருத்தொண்டர் அதைத் தூக்கிக்கொண்டு பவனியில் மூன்று இடத்தில் நின்று பாட முடியாது. உடனே பவனிக்கு வேறொரு சின்னத் திரி என்று ஆரம்பிக்கும், ‘ஒன்றே ஒன்று’ என்ற விதி அங்கே அடிபடும்.

சனிக்கிழமை மாலையே செய்ய வேண்டியவை

திரியில் சாம்பிராணி மணிகள் ஐந்தைப் பதிப்பது இருட்டில், வெளியே, நெருப்புக்கு அருகே நடக்கும். கெட்டிப் பாரஃபினில் மணி பொருத்திய ஆணியை நேரடியாக அழுத்தினால் பக்கம் பெயர்ந்துவிடும், அல்லது மணி கீழே விழுந்து பீடச் சிறார் மண்ணில் தேடிக்கொண்டிருப்பார்கள். மாலையிலேயே தடித்த ஊசியைச் சூடாக்கி ஐந்து துளை போட்டுவையுங்கள். 2 மி.மீ. அகலம், 2 செ.மீ. ஆழம். வரிசை: முதல் மணி மேலே, இரண்டாவது நடுவில், மூன்றாவது கீழே, நான்காவது இடப்பக்கம், ஐந்தாவது வலப்பக்கம். கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் அவை. உயிர்த்தவரின் உடலிலும் காயங்கள் இருந்தன என்பதை யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் சொல்கிறது. எழுந்தவர் சிலுவையில் தொங்கியவரே என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அதனால் இந்த மணிகளை முன்கூட்டியே பசையால் ஒட்டி விற்கும் திரியை நாங்கள் விரும்புவதில்லை. குரு கையால் பதிக்கும்போது மக்கள் பார்க்க வேண்டிய இடம் அது.

சிலுவையும் எண்களும் மெழுகுத் தகட்டில் வெட்டி ஒட்டியிருந்தால் நல்லது. சுடர் நெருங்கும்போது திரியோடு சேர்ந்து உருகிவிடும். எனாமல் பெயிண்டால் வரைந்ததைத் தவிர்க்கவும். நிறத்துகள் உருகிய மெழுகில் கலந்து நடுத்திரியை (உள்ளே ஓடும் நூலை) அடைத்துக்கொள்ளும், புகையும் நாற்றமும் வரும். ஒட்டுத்தாள் படம் என்றால் எரியும் விளிம்பு வருவதற்கு முன்பே உரித்துவிட வேண்டும்.

நடுத்திரி பின்னல் பருத்தியாக இருக்கட்டும். புதுத் திரியின் தலையில் அது மெழுகுக்குள் புதைந்திருக்கும். கத்தியால் சுற்றிச் செதுக்கி 1 செ.மீ. வெளியே எடுத்து, உருகிய மெழுகைத் தொட்டுவிடுங்கள். இல்லையென்றால் புது நெருப்பிலிருந்து எடுத்த சுடர் பிடிக்காமல் குரு மூன்று முறை குனிய வேண்டியிருக்கும். பிறகு வரும் நாள்களில் 6 மி.மீ.க்கு மேல் நீளாமல் வெட்டிவிடவும். நீண்டால் புகை, குட்டையானால் சுடர் மெழுகில் மூழ்கும்.

தண்டின் குழிக்குள் திரி நுழையாவிட்டால் கத்தியால் அடியைச் சீவாதீர்கள், சாய்ந்து நிற்கும். அடிப்பகுதியை இரண்டு நிமிடம் வெந்நீரில் வைத்து அழுத்தி நுழைக்கவும். தொளதொளவென்று இருந்தால் அலுமினியத் தாளைச் சுற்றவும். காகிதமும் தெர்மாகோலும் வேண்டாம்.

எரியும்போது வரும் தொல்லைகள்

அடிக்கடி வரும் புகார், நடுவில் குழி விழுந்து சுற்றுச்சுவர் மட்டும் நிற்பது. திரி மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். காரணம் பெரும்பாலும் நம் பழக்கம். 7.5 செ.மீ. விட்டத்தில் உருகிய குளம் விளிம்புவரை பரவ ஏறக்குறைய 3 மணி நேரம் வேண்டும். முதல்முறை எரியும்போது குளம் எவ்வளவு பரவுகிறதோ அதன்படியே பின்னாலும் எரியும். ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்களும் வைத்து முழுமையாக நடக்கும் திருவிழிப்பு இந்த முதல் எரிப்புக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. வாசகங்களை மூன்றாகச் சுருக்கி ஒன்றரை மணியில் முடித்துத் திரியை அணைக்கும் பங்கில் குழி அன்றைக்கே ஆரம்பிக்கிறது. தினப் பூசையின் 40 நிமிடம் அதை இன்னும் ஆழமாக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பூசைக்கு இடையே அணைக்காமல், ஒருவரைப் பார்க்கச் சொல்லி விட்டுவைத்தால் குளம் பரவிச் சரியாகும். அணைத்த ஐந்து நிமிடத்துக்குள் விளிம்பு மிருதுவாக இருக்கும்போது கட்டைவிரலால் உள்நோக்கி மடித்துவிடுவது அடுத்த வழி. தேன்மெழுகில் சுலபமாக வரும், பாரஃபினில் உடையக்கூடும்.

ஒரு பக்கம் மட்டும் வழிந்தால் காரணம் விசிறி. திரிக்கு நேர்மேலே இருப்பதை நிறுத்தினால் போதாது, பக்கத்து விசிறியும் இழுக்கும். தலையில் கவிழ்த்துவைக்கும் பித்தளை வளையம் பாதித் தொல்லையைத் தீர்க்கும், ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். திரி குறையக் குறையத் தானாகக் கீழிறங்காமல் சிக்கிக்கொண்டால், உருகிய மெழுகு உள்ளே தேங்கி ஒரேயடியாகக் கொட்டும். வாரம் ஒருமுறை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யவும். அணைக்க ஊத வேண்டாம். கூம்பு வைத்த கம்பியால் மூடி அணைத்து, நடுத்திரியை நிமிர்த்தி நடுவே நிறுத்திவிடவும்.

மக்கள் கையில் தரும் சின்ன மெழுகுதிரிகளுக்கு அரை மணி நேரம் எரிந்தால் போதும். புகழுரை முடிந்ததும் அணைத்து, திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது மீண்டும் ஏற்றுவார்கள். காகிதக் கிண்ணம் இல்லாத திரியை வாங்காதீர்கள். சேலைத் தலைப்பும் முக்காடும் நெருக்கமாக இருக்கும் இடம். எரியாத திரியைத்தான் சாய்க்க வேண்டும், எரிவதைச் சாய்க்கக் கூடாது என்று பவனிக்கு முன்பே ஒலிபெருக்கியில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். தரையில் சொட்டியதற்குப் பழைய செய்தித்தாள் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் வந்துவிடும்.

அடக்கப் பூசையில்

இந்த வேலைக்காகத்தான் பெரிய திரி வாங்கச் சொல்கிறோம். சவப்பெட்டியருகே நிற்கும் தண்டு இடிபடும். பெட்டியைச் சுமக்கிறவர்கள், மாலை வைக்க முண்டுகிறவர்கள், மயங்கிச் சாயும் உறவினர்கள் என்று எல்லாரும் அந்த இரண்டடி இடத்தில் இருப்பார்கள். 3.8 கிலோ திரி நிற்கும் நாலடித் தண்டுக்கு அடித்தட்டு குறைந்தது 40 செ.மீ. அகலம், திரியைவிட இரண்டு மடங்காவது கனம். தண்டின் உள்ளே வெற்றுக் குழாயாக இருந்தால் அடியில் மணல் நிரப்பிக்கொள்ளலாம். கால்பக்கம் வைப்பதைவிடத் தலைப்பக்கம் வைத்தால் சுமப்பவர்கள் திரும்பும்போது தட்டாது. பிளாஸ்டிக் பூமாலையைத் திரிமேல் சுற்றுவதை யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள்.

கல்லறைக்கும் இதே திரியைத் தூக்கிப் போக வேண்டியதில்லை, காற்றில் நிற்காது. கல்லறைக்கு வேறு திரி போதும், அதை ஆலயத்தில் பாஸ்கா திரியிலிருந்தே ஏற்றிக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் கொண்டுபோகலாம்.

2026இல் உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 5, பெந்தகோஸ்தே மே 24. 2027இல் இன்னும் முன்னால், மார்ச் 28. தேன்மெழுகுத் திரியை ஊற்றித் தர ஆறு வாரமாவது கேட்பார்கள், ஆகையால் சாம்பல் புதனுக்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். சொல்லும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் கொடுங்கள்: விட்டம், உயரம், தேன்மெழுகு எத்தனை சதவீதம், தண்டின் குழி உள்விட்டம். பழைய திரியின் மிச்சத்தைக் குப்பையில் போட வேண்டாம். உருக்கி வடிகட்டினால் மந்திரிக்காத சின்னத் திரிகளுக்கு மூலப்பொருள், அல்லது அடுத்த பெரிய சனியின் புது நெருப்பில் போடலாம்.